நின்றுபோன பொற்கடிகாரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மைப் பேச அழைத்தபோது செயலாளர் இலக்கியத் தலைப்பு ஒன்றையே எதிர்பார்த்திருப்பார். முல்லைப்பாட்டில் வரும் நாழிகைக் கணக்கரைப் பற்றிப் பேசலாம் என்று நாமும் முதலில் எண்ணியதுண்டு. ஆனால், இந்த ஆண்டு முழுவதும் எங்கள் இல்லத்தில் ஓயாது பேசப்பட்டது வேறொரு நாழிகைக் கருவி. அதன் கதை எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. கசிந்த மறுவாரமே நம் தெருவில் நான்கு வீட்டார் தத்தம் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த பழைய கடிகாரத்தை எடுத்து வந்து, "இதைப் பழுது பார்ப்பது தகுமா, விற்றுவிடுவது தகுமா?" என்று வினவினார்கள். ஆகவே, நாழிகைக் கணக்கர் அடுத்த ஆண்டுவரை பொறுத்திருக்கட்டும். இன்று, முன்னோர் விட்டுச் சென்ற பொற்கடிகாரம் ஒன்று நின்றுபோனால் என்ன செய்வது என்பதே நம் பேச்சு.

முதலில் அந்தக் கடிகாரம் எங்கள் கைக்கு வந்த வரலாற்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பாட்டனார் சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்தார். 1956-ஆம் ஆண்டில் சரக்கு விற்ற பணத்துடன் சென்னைக்குச் சென்றவர், மவுண்ட் ரோடில் ஒரு கடைக்குள் நுழைந்து, பொன் உறையிட்ட ஒமேகா கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி வந்தார். என்ன விலை கொடுத்தார் என்பதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. பாட்டியாரிடம் அறவே சொன்னதில்லை. பத்துக் கிராம் பொன் நூறு ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. அதற்கு மறு ஆண்டே, 1957-இல், நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, அயல்நாட்டுப் பொருள்களின் இறக்குமதி இறுகியது. பெங்களூரில் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது 1961-இல். இடைப்பட்ட காலத்தில் நல்ல சுவிஸ் கடிகாரம் வேண்டியவர்கள் கப்பலில் வந்த உறவினரையோ, கள்ளக் கடத்தல்காரரையோ எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. பாட்டனார் நல்ல வேளை பார்த்துத்தான் வாங்கினார் என்று எங்கள் தந்தையார் பெருமையுடன் சொல்வதுண்டு.

இங்கே ஒரு சிறு கிளைக் கதை. இச்சங்கத்தில் நம்மையும் குடியேறிய தமிழர் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் சென்னையிலிருந்தும் இரயில்வேப் பணிக்கும் கல்லூரிப் பணிக்கும் திருப்பதி வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எங்கள் குடும்பமோ சித்தூரிலேயே இருந்தது, குடிபெயர்ந்தது எல்லைதான். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தினின்று பிரிந்து அதனோடு சேர்ந்தது. வட எல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் தீர்ப்பின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னையோடு சேர்ந்தது. எனவே, பாட்டனார் கடிகாரம் வாங்கச் சென்ற நாளில் சென்னை அவருக்கு அயல் மாநிலத் தலைநகரம். அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வெல்லத்துக்கு எல்லை ஏது?

பாட்டனாருக்குப் பின் கடிகாரம் தந்தையாரிடம் வந்தது. அவர் பள்ளி ஆசிரியர். பொங்கலன்றும், திருமண நாள்களிலும், ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக் கல்வி அதிகாரி வரும் நாளிலும் மட்டும் அதை அணிவார். மற்ற நாள்களில் அது பீரோவில், ஒரு பழைய பட்டுத் துண்டில், உறங்கும். உறங்கினாலும் நாள்தோறும் காலையில் எடுத்துச் சாவி கொடுத்து வைப்பார். 1978-இல் ஒரு நாள், அப்போது பத்து வயதுச் சிறுவனாக இருந்த எங்கள் தம்பி, தந்தையார் இல்லாத வேளையில் பீரோவைத் திறந்து, கடிகாரத்தை எடுத்து, ஆசை தீரச் சாவி கொடுத்துவிட்டான். மறுநாள் கடிகாரம் நின்றுவிட்டது. "அளவுக்கு மீறிச் சாவி கொடுத்து உடைத்துவிட்டான்" என்று தீர்ப்பாயிற்று. தந்தையார் அடித்த அடி ஒன்றே ஒன்று. ஆனால், அந்தச் சொல் அடியோடு நிற்கவில்லை. தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும், கடையில் கணக்குத் தவறினாலும், மிதிவண்டிச் சங்கிலி அறுந்தாலும், "கடிகாரத்தை உடைத்தவன் கை அல்லவா?" என்று வீட்டில் எவரேனும் சொல்வர். அந்த எவரேனும் பலமுறை நாமாகவும் இருந்திருக்கிறோம். அதை இன்று மறைப்பது முறையன்று.

தந்தையார் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தாயார் அவருக்கு முன்பே மறைந்துவிட்டார். வீட்டைப் பிரிப்பதில் எங்களுக்குள் ஒரு சொல்லும் தடிக்கவில்லை. பாத்திர பண்டங்களைப் பிரிப்பதிலும் தடிக்கவில்லை. கடிகாரத்தில்தான் தடித்தது. மூத்தவராகிய நமக்கு, அதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட தம்பியோ, "அதை உருக்கிவிடுங்கள், அண்ணா. அந்தச் சனியனை இனிக் கண்ணால் பார்க்க வேண்டாம்" என்றார். தங்கைக்கு மகள் திருமணம் அருகில் இருந்தது. "கடிகாரம் ஆண் பிள்ளைகளுக்கு என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்களோ?" என்று அவர் கேட்டபோது நமக்கு விடை எழவில்லை. ஒரு வேடிக்கை பாருங்கள்: மகளுக்கும் மகனுக்கும் தந்தையின் சொத்தில் சமபங்கு தந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் நடப்புக்கு வந்ததும் அதே 1956-ஆம் ஆண்டு, ஜூன் மாதத்தில்தான். கடிகாரத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரே வயது. மூன்றில் ஒரு பங்கு அவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஓடாத கடிகாரத்தை மூன்றாக எப்படிப் பங்கிடுவது?

தங்கையே ஒரு வழியும் சொன்னார். "எவருக்கும் வேண்டாம், ஏழுமலையான் உண்டியலில் போட்டுவிடுவோம்." திருப்பதியில் வாழும் குடும்பங்களில் தீராத வழக்கெல்லாம் கடைசியில் இந்த முறைமன்றத்துக்குத்தான் போகும். ஆயினும், உண்டியலில் விழுந்த கடிகாரம் அங்கேயே இருப்பதில்லை. அடியார்கள் காணிக்கையாக இடும் கைக்கடிகாரங்களைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் இணையவழி ஏலத்தில் விட்டு வருகிறது. புதியவை, பயன்படுத்தியவை, சிறிது பழுதானவை என்று பிரித்துத் தொகுதி தொகுதியாக விடுகிறார்கள். வேண்டுதல் நிறைவேறியவுடன் கையில் இருந்ததைக் கழற்றிப் போடும் அன்பர்கள் அத்தனை பேர்! அதில் குறை ஏதும் இல்லை. ஆனால், பாட்டனாரின் கடிகாரம் ஒரு தொகுதியில் எண்ணாகி, முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் போவதை எண்ணியபோது தங்கைக்கே மனம் வரவில்லை. "முதலில் அதன் மதிப்பு என்ன என்று பார்த்து வாருங்கள்" என்றார். அதுவே முறை என்று நமக்கும் பட்டது. மதிப்பு அறியாமல் சண்டையிடுவதைப்போல் வீண் வேலை வேறில்லை.

ஆகவே, முதலில் நகைக்கடைக்குச் சென்றோம். இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்க அடையாளக் குறியும் வேண்டும் என்றாயிற்று. ஆனால், கைக்கடிகாரங்களுக்கும் பேனாக்களுக்கும் அச்சட்டத்தில் விலக்கு உண்டு. எனவே, பழைய கடிகாரத்தில் இந்திய முத்திரையைத் தேடிப் பயனில்லை. பின்மூடியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் 1880-இல் இயற்றிய சட்டத்தின்படி, 18 காரட் பொன்னுக்கு ஹெல்வெட்டியா என்னும் பெண்ணின் தலையும், 14 காரட் பொன்னுக்கு அணிலும் முத்திரையாகக் குத்தப்பட்டன. 0.750 என்றும் 0.585 என்றும் எண்ணும் இருக்கும். 1995 முதல் இவற்றுக்குப் பதில் ஒரு நாயின் தலையை முத்திரையாக வைத்துவிட்டார்கள். எங்கள் கடிகாரத்தில் பெண்ணின் தலை மங்கலாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றி, இருந்தது.

நகைக்கடைக்காரர் நேர்மையானவர். கருவியையும் கண்ணாடியையும் நீக்கி, உறையை மட்டும் நிறுத்தார். 11 கிராம். அதில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு பொன். ஆக, தூய பொன் 8.25 கிராம். கடிகாரத்தை முழுதாகத் தராசில் வைத்தால் 30 கிராமுக்கு மேல் காட்டும். கையில் கனமாக இருக்கிறதே என்று நான்கு சவரன் கனவு காண்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கலாகாது. உருக்கினால் கருவிக்கு ஒரு காசும் கிடையாது. "உள்ளே இருப்பதை எடுத்துப் போய்விடுங்கள், எங்களுக்கு வேண்டாம்" என்றே அவர் சொன்னார். எழுபது ஆண்டுக்கால உழைப்பு அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது. பொன் விலை இப்படி ஏறிக்கொண்டே போனால் பழைய பொற்கடிகாரங்களில் பல இவ்வாறுதான் உலைக்குள் போய்ச் சேரும்.

இரண்டாவதாகச் சென்ற கடையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பெரிய கடை, கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று. "உள்ளே உள்ள பொறியை எடுத்துவிட்டுப் பாட்டரிப் பொறி வைத்துத் தருகிறோம். டயலையும் புதிதாக எழுதித் தருகிறோம். புத்தம் புதிதாகிவிடும்" என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே, உதவிக்கு நின்ற இளைஞன் நல்லெண்ணத்தோடு பின்மூடியை மெருகுச் சக்கரத்தில் வைத்துவிட்டான். கேளாமல் செய்த உதவி! பின்மூடியில் பாட்டனார் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தமிழில் பொறித்து வைத்திருந்தார். இரண்டு எழுத்தில் ஒன்று பாதி தேய்ந்துபோயிற்று. பொன் மென்மையான உலோகம். மெருகிடுதல் என்றால் மேற்பரப்பைத் தேய்த்து நீக்குதல் என்பதே பொருள். ஒவ்வொரு மெருகுக்கும் சிறிது பொன் போகிறது. முத்திரையும் எழுத்தும் போகின்றன. தாய்மார்களே, பழைய கடிகாரத்தை எந்தக் கடையிலும் கொடுக்கும்போது, "மெருகு வேண்டாம், டயலைத் தொட வேண்டாம்" என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு வணக்கம் சொல்லுங்கள்.

பாட்டரிப் பொறியை நாம் இகழவில்லை. நேரம் காட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. 1969-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஜப்பானிய சைக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தபோது, அதற்கும் பொன் உறையே இட்டார்கள். விலை 4,50,000 யென், ஒரு சிறு மோட்டார் காரின் விலை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே பொறி கடைத்தெருவில் மலிந்து கிடந்தது. டைட்டன் நிறுவனம் 1984-இல் ஓசூரில் தோன்றியபோது குவார்ட்ஸ் கடிகாரத்தையே நம்பித் தோன்றியது. சாவி கொடுக்கும் கடிகாரத்தால் வீடுதோறும் அறியப்பட்ட எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் அரசு முடிவு செய்தது. இவ்வளவும் காலத்தின் போக்கு. ஆனால், பழைய உறைக்குள் புதிய பொறியை வைத்தபின் அது பாட்டனாரின் கடிகாரம் ஆகுமா? அவருடைய சட்டையை வேறொருவர் அணிந்து வந்தாற்போல் இருக்கும்.

இந்த மலிவால் அழிந்தவர்கள் கடிகாரம் பழுது பார்ப்போர். முன்பு சித்தூர்க் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, ஒரு கண்ணில் இடுக்கிய லென்ஸ், இவற்றோடு அமர்ந்திருந்தோர் பலர். இன்று பெரும்பாலோர் பாட்டரி மாற்றுவதும், கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுவதுமாக இருக்கிறார்கள். பல நாள் விசாரித்து, ஒரு சந்துக்குள் ஒரு முதியவரைக் கண்டுபிடித்தோம். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுபவர். சித்தூரில் எவர்தாம் அப்படிப் பேசுவதில்லை? அன்று தம்பியையும் வற்புறுத்தி உடன் அழைத்துச் சென்றிருந்தோம். அவர் கடைக்கு வெளியிலேயே, வண்டியின்மேல் சாய்ந்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

முதியவர் உடனே எதையும் திறக்கவில்லை. காதருகே வைத்து மெல்ல அசைத்தார். சாவிக் குமிழைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பின்மூடியை நீக்கி லென்ஸால் நெடுநேரம் உற்றுநோக்கினார். "நல்ல மெஷின், சாமி. முப்பது மில்லிமீட்டர் மெஷின். இதற்குச் சாமான் கிடைக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மை. ஒமேகாவின் அந்த 30 மில்லிமீட்டர் பொறி 1939 முதல் 1963 வரை ஏறத்தாழ 30 இலட்சம் செய்யப்பட்டது. அதனால் ஓடாத கடிகாரங்களிலிருந்து எடுத்த உறுப்புகள் இன்றும் கைமாறுகின்றன. இதை எதற்காகச் சொல்கிறோம் என்றால், பழுது பார்ப்பது தகுமா என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. பொறி பெருவாரியாகச் செய்யப்பட்டதானால் துணிந்து இறங்கலாம். எங்கோ சிறு அளவில் செய்யப்பட்ட பொறியானால், ஒரு பற்சக்கரம் தேய்ந்தாலும் அதைப் புதிதாகக் கடைந்துதான் ஆகவேண்டும். அதற்கு ஆளும் அரிது, கூலியும் மிகுதி. இன்று சுவிஸ் நிறுவனங்கள் பல, தம் ஒப்புதல் பெறாத கடைகளுக்கு உறுப்புகளை விற்பதும் இல்லை.

"ஏன் நின்றது?" என்று கேட்டோம். அவர் விடை சொல்லுமுன், வழக்கம்போல் நாமே, "சிறு வயதில் பையன் அளவுக்கு மீறிச் சாவி கொடுத்துவிட்டான்" என்று சொல்லியும்விட்டோம். வெளியே நின்ற தம்பிக்கு அது கேட்டிருக்கும்.

முதியவர் சிரித்தார். "எல்லாரும் இதையே சொல்கிறார்கள், சாமி. ஐம்பது வருஷமாய்க் கேட்கிறேன். சாவி கொடுத்துக் கடிகாரம் நிற்காது. இங்கே பாருங்கள்" என்று லென்ஸை நம்மிடம் நீட்டினார். பெரிய வில்லாகிய மெயின் ஸ்பிரிங் முறியவில்லை. முழுவதும் சுற்றிய நிலையில் அப்படியே இறுகி நின்றது. அந்தக் காலத்து எஃகு வில் முறிவதும் உண்டு. அப்படி முறிந்திருந்தால் குமிழ் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதுவோ முழுச் சாவியோடு நிற்கிறது. வில்லில் வலிமை இருக்கிறது. அந்த வலிமை சக்கரங்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஏன்? 17 கற்களின் குழிகளிலும் இட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது. கடிகாரம் வாங்கிய நாள் முதல் 22 ஆண்டுகள் ஒருமுறைகூட அதைத் திறந்து துடைத்து எண்ணெய் இடவில்லை. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யவேண்டிய வேலை அது. பேலன்ஸ் வீல் என்னும் ஊசல் சக்கரம் நொடிக்கு 5 முறை, நாளுக்கு 4,32,000 முறை துடிக்கிறது. எண்ணெயின்றி எத்தனை நாள் துடிக்கும்? அன்று நின்றிராவிட்டால் அடுத்த மாதம் நின்றிருக்கும். தந்தையார் கையிலேயே நின்றிருக்கும்.

நாம் வெளியே சென்று தம்பியிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து உள்ளே வந்து, தாமும் லென்ஸை வாங்கிப் பார்த்தார். "இந்த வில்லா, ஐயா?" என்று கேட்டார். "அதுதான், சாமி. நீங்கள் கொடுத்த சாவி இன்னும் அதிலேயே இருக்கிறது" என்றார் முதியவர். பிறகு ஒரு சிறு பல்லை மெல்ல விலக்கி, வில்லைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர விட்டார். பத்து வயதுச் சிறுவன் 1978-இல் சுற்றிய சுற்று, அன்று எங்கள் கண்முன் அவிழ்ந்தது. தம்பி திரும்பி வெளியே போய்விட்டார். நாமும் சற்று நேரம் அவர் பின்னே போகவில்லை.

கழுவி, எண்ணெயிட்டு, வில்லை மட்டும் புதியது மாற்றிக் கொடுக்க ஏழாயிரம் ரூபாய் கேட்டார் முதியவர். மூன்று வாரம் ஆகும் என்றார். பேரம் பேச மனமில்லை.

இனி, நம் தெருவினர் கொண்டுவந்த நான்கு கடிகாரங்களுக்கு வருவோம். ஒன்று, பாக்கெட்டில் வைக்கும் பெரிய கடிகாரம். பொன்னென்றே மூன்று தலைமுறையாக நம்பியிருந்தார்கள். மூடிக்குள் 14 காரட் என்ற எழுத்தும், 20 ஆண்டு உத்தரவாதம் என்ற எழுத்தும் இருந்தன. உண்மையான பொன்னுக்கு எவரும் ஆண்டுக்கணக்கில் உத்தரவாதம் தருவதில்லை. அந்த எழுத்து இருந்தால் அது பித்தளைமேல் பொன் தகடு போர்த்தியது. தகடு தேயாமல் இத்தனை ஆண்டு இருக்கும் என்பதே அந்த உத்தரவாதத்தின் பொருள். வீட்டார் முகம் வாடியது. ஆனால், அதன் பொறி குற்றமற்று இருந்தது. இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று பொன் முலாம் இட்ட எச்.எம்.டி. அதைப் பழுது பார்க்கும் செலவு அதன் விலையைவிட மிகும். செய்யவேண்டாம் என்றோம். அந்த அம்மையார், "முதல் சம்பளத்தில் அவர் எனக்கு வாங்கித் தந்தது" என்றார். நாம் நம் அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். மூன்றாவதில் இருட்டில் ஒளிரும் எண்கள் இருந்தன. அறுபதுகள் வரை அந்த ஒளிப்பூச்சில் ரேடியம் சேர்த்தார்கள். அமெரிக்காவில் அப்பூச்சை எழுதும் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிய பெண்கள் எலும்பு நோயுற்று மாண்டார்கள். 1928-இல்தான் நியூ ஜெர்சியில் அவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. ஒளி போய்விட்டாலும் ரேடியம் போகாது. பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு வேண்டும். ஆகவே, அந்த டயலை வீட்டில் திறந்து சுரண்டலாகாது. பிள்ளைகள் கையில் கொடுக்கலாகாது. நான்காவது, பெட்டியிலேயே துருப்பிடித்துத் தூளாகியிருந்தது. மழைநீர் இறங்கிய பெட்டி. அதற்கு வைத்தியம் இல்லை.

ஓடாத கடிகாரத்துக்கு விலையே இல்லை என்றும் எண்ணவேண்டாம். காந்தியடிகள் ஒரு தச்சருக்கு அன்பளிப்பாகத் தந்த வெள்ளி முலாம் பூசிய கடிகாரம் ஒன்று, உடைந்த நிலையிலேயே, 2020 நவம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஏலத்துக்கு வந்து 12,000 பவுனுக்கு விலைபோயிற்று. எவரும் அதைப் பழுது பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விலை கூடியிருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. இதைத் தங்கையிடம் சொன்னபோது, "நம் பாட்டனார் காந்தியடிகள் அல்லவே, அண்ணா" என்றார். உண்மைதான். வெல்ல வியாபாரியின் கடிகாரத்தை ஏலத்தில் எவரும் தேடி வரப்போவதில்லை. அது எங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை நாங்களேதாம் சொல்லவேண்டும்.

முடிவில் நடந்தது இது. தங்கையின் பங்கு, தூய பொன் கணக்கில், 2.75 கிராம். அதை நிறுத்துக் கொடுத்துத் தீர்ப்பது அழகன்று என்று தம்பிதான் சொன்னார். உருக்கிவிடுங்கள் என்று நின்ற அதே தம்பி! தாய்மாமன் சீராக ஒரு சவரன் நாணயம் வாங்கிக் கொடுத்தோம். பாதி அவர் போட்டார், பாதி நாம் போட்டோம். கடிகாரம் மூவருக்கும் பொது. மூவரும் ஒப்பினாலன்றி விற்கலாகாது என்று தங்கை ஒரு நோட்டில் எழுதி எங்களிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டார். உடன்பிறந்தாரிடையே கையொப்பமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எழுதி வைப்பதால் அன்பு குறைவதில்லை. எழுதாமல் விட்டதால் பேச்சு நின்ற வீடுகளை நாம் அறிவோம்.

திருமணம் திருச்சானூரில் நடந்தது. மாமன் என்ற முறையில் தம்பி கடிகாரத்தை அணிந்து வந்தார். முகூர்த்த வேளையில் அதைப் பார்த்து நேரம் சொன்னார். புரோகிதர் தம் கைப்பேசியைப் பார்த்து, "இரண்டு நிமிஷம் பிந்துகிறதே" என்றார். நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்துவது அந்த வயதுக்குப் பெரிய குற்றமன்று. 1906-இல் இந்தியப் பொதுநேரம் வருமுன் நம் பக்கத்து இரயில் வண்டிகள் எல்லாம் சென்னை நேரப்படி, இன்றைய கணக்குக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பிந்தித்தானே ஓடின!

இப்போது கடிகாரம் தம்பியிடமே இருக்கிறது. நாமாகக் கேட்டுக் கொடுத்தோம். காலை ஏழு மணிக்குச் சாவி கொடுக்கிறார். முழுச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் ஓடும் என்று முதியவர் அவரிடம் இருமுறை சொல்லியிருக்கிறார். ஆயினும், பத்துச் சுற்றுக்கு மேல் திருக அவர் கை இன்னும் அஞ்சுகிறது. அதனால் நள்ளிரவுக்குப் பின் எப்போதோ நின்றுவிடுகிறது. காலையில் எடுக்கும்போது ஒன்றேகால், ஒன்றரை என்று காட்டுகிறது. சென்ற வாரம் சென்றிருந்தபோது பன்னிரண்டு சுற்று கொடுத்தார். எண்ணிக்கொண்டே அருகில் இருந்தோம்.